குளியலறையும் குடும்ப நலமும்: வீட்டுக் குழாய்கள் பற்றி அடிக்கடி எழும் கேள்விகள்



மருத்துவப் பக்கம் என்றால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இம்முறை ஏன் குழாயும் குளியலறையும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுகூடல்களில் நாம் கதைப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். "பிள்ளைக்கு இருமல் விடுகுதில்லை", "அம்மா பாத்துக்குள்ளே வழுக்கிப் போனா", "சுவரெல்லாம் கறுப்புப் பிடிக்குது", "ஊருக்குப் போய் வந்த கையோட இவருக்குக் காய்ச்சல்". இவற்றில் பலவற்றுக்கு வைத்தியரிடம் போவதற்கு முன் ஒருமுறை நமது குளியலறையை எட்டிப் பார்ப்பது நல்லது.

கூழானாலும் குளித்துக் குடி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஊரில் நாம் குளித்த இடம் வேறு, இங்கே குளிக்கும் இடம் வேறு. ஊரில் கிணற்றடியில் அள்ளி வார்த்த தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போனது. வெயிலும் காற்றும் மீதியைக் காய வைத்தன. ஹரோவில் நம்மில் பலர் வாழ்வது மெற்றோபொலிற்றன் ரயில்பாதையை ஒட்டி 1920களிலும் 1930களிலும் கட்டப்பட்ட இரட்டை வீடுகளில். மேல்மாடியில் சின்னக் குளியலறை, அதற்குக் கீழே மரப்பலகைத் தளம், தரையில் தண்ணீர் வடிந்தோட வழியில்லை. இந்த வீட்டைக் கட்டியவர்கள் வாரத்தில் ஓரிரு நாள் பாத்தில் படுத்துக் குளிக்கும் குடும்பத்தை நினைத்தே கட்டினார்கள். தினமும் ஆறு பேர் தலைமுழுகும் குடும்பத்தை அவர்கள் நினைக்கவில்லை.

எனவே நம்மிடையே அடிக்கடி எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளியலறைச் சுவரில் கறுப்புப் படிகிறது. அழுக்குத்தானே?

அழுக்கு அல்ல, அது பூஞ்சணம். இதைச் சிறு விடயம் என்று நினைப்பவர்கள் ஆவாப் இஷாக் என்ற குழந்தையின் கதையை அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் வடக்கே ரொச்டேல் நகரில், ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில், சூடானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவன் ஆவாப். குளியலறையிலும் சமையலறையிலும் பூஞ்சணம் பரவியிருப்பதை அவனது தந்தை அவன் பிறப்பதற்கு முன்பே, 2017 இல், வீட்டு நிர்வாகத்திடம் சொல்லியிருந்தார். அதன் மேல் வர்ணம் பூசும்படி பதில் வந்தது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்து சில நாட்களில், ஆவாப் மூச்சுக் கோளாறினால் இறந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்த வீட்டில் ஈரக்காற்று வெளியேறப் போதிய வழி இருக்கவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது.

இதில் நமக்கு உறைக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அந்தக் குடும்பத்தின் சமையல் முறையும், வாளியில் நீரள்ளிக் குளிக்கும் வழக்கமுமே ஈரத்துக்குக் காரணமாயிருக்கும் என்று வீட்டு நிர்வாகத்தினர் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அப்படி எண்ணியது தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டி வரும் பரிசோதகரும் சமையலறையில் குழம்பு வாசம் பிடித்ததும் அதே முடிவுக்கு வரக்கூடும். "உங்கள் வாழ்க்கை முறைதான்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு இருக்காதீர்கள். மின்விசிறி வேலை செய்கிறதா, குழாய் எங்காவது ஒழுகுகிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று முதலில் பார்க்கும்படி கேளுங்கள்.

பூஞ்சணம் காற்றில் விடும் நுண்ணிய வித்துக்கள் மூச்சுடன் உள்ளே போகின்றன. தும்மல், மூக்கடைப்பு, கண் எரிவு, தோல் கடி வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்புக் கூடும். கைக்குழந்தைகள், முதியோர், எக்சிமா உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விசேடமாகக் கவனமாயிருக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரம் மூன்று வழிகளில் வரும். ஒன்று, நாம் விடும் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து தண்ணீராவது. இரண்டு, குழாய் அல்லது கூரை ஒழுகுவது. மூன்று, நிலத்திலிருந்து சுவர் வழியே ஈரம் ஏறுவது. ஒரு எளிய சோதனை உண்டு. சுவரைத் துடைத்துக் காயவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை நான்கு பக்கமும் இறுக ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். அறைப்பக்கத்தில் நீர்த்துளி நின்றால் அது நாம் விட்ட ஆவி. தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கத்தில் ஈரம் நின்றால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது ஆள் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஆவி என்றால் குளியல் மட்டுமல்ல. புட்டும் இடியப்பமும் அவிக்கும்போது, சோறு வடிக்கும்போது, கழுவிய உடுப்பை ரேடியேற்றரின் மேல் போடும்போது எல்லாம் ஆவி வீட்டுக்குள் சேருகிறது. குளிர் என்று யன்னலைப் பூட்டி வைத்தால் அது போக இடமில்லை. வீட்டில் மிகவும் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்ப் படிகிறது. அது பெரும்பாலும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மகளுக்கு இரவில் இருமல். பாணி மருந்து, வேது பிடித்தல், எல்லாம் செய்து பார்த்தோம். ஒருநாள் கட்டிலை இடம் மாற்றவென்று அலுமாரியை இழுத்தபோது பின்சுவர் முழுவதும் கறுப்பு. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் குளியலறை. அங்கிருந்த மின்விசிறி சத்தம் போட்டதே தவிர காற்றை இழுக்கவில்லை. பல வருடத்துத் தூசி அதன் இறக்கைகளை அடைத்திருந்தது. மின்விசிறியை மாற்றி, சுவரைச் சுத்தப்படுத்தி, அலுமாரியை நாலு விரல் தள்ளி வைத்தோம். இருமல் முழுவதும் அதனால்தான் என்று அடித்துச் சொல்ல நாங்கள் வைத்தியர்கள் அல்ல. ஆனால் அந்தச் சுவரோரம் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தோமே என்ற எண்ணம் இன்றும் மனதை அரிக்கிறது.

செய்ய வேண்டியவை இவை:

• குளிக்கத் தொடங்கும்போதே மின்விசிறியைப் போடுங்கள். குளித்து முடிந்தபின் இன்னும் 15 முதல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

• ஒரு தாள் ரொயிலற் பேப்பரை மின்விசிறிக்கு அருகே பிடியுங்கள். அது தாளை இழுத்துப் பிடிக்க வேண்டும். தாள் விழுந்தால் விசிறி வேலை செய்யவில்லை. புதிதாகப் பொருத்தும் குளியலறை மின்விசிறி விநாடிக்கு 15 லீற்றர் காற்றையாவது வெளியேற்ற வேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி.

• குளித்தபின் சுவரிலும் கண்ணாடியிலும் உள்ள நீரை ஒரு துணியால் வழித்து விடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

• சட்டியை மூடிச் சமையுங்கள். உடுப்பை வீட்டுக்குள் காயவிடத்தான் வேண்டுமென்றால் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, யன்னலைச் சிறிது திறந்து விடுங்கள்.

• ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்த பூஞ்சணத்தை நாமே சுத்தப்படுத்தலாம். கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். காய்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துக்கள் அறை முழுவதும் பறக்கும். மேலே வர்ணம் பூசுவது மருந்தல்ல. சில மாதங்களில் திரும்பவும் வரும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். யாரிடம் கேட்பது?

பாத், பேசின், மலசலகூடம், குழாய்கள், சுடுதண்ணீர், வீட்டைச் சூடாக்கும் வசதி ஆகியவற்றைத் திருத்திக் கொடுப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று 1985 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆவாபின் மரணத்துக்குப் பின் அவன் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. கவுன்சில் வீடுகளுக்கும் வீட்டுச் சங்கங்களின் வீடுகளுக்கும் அது 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. உயிராபத்தான குறைபாடு என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும், ஆராய்ந்து முடித்து 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை விரிவாக்க 2025 இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்துள்ளது. தனியார் வீட்டில் இருப்பவர்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவிடம் முறையிடலாம்.

தொலைபேசியில் சொல்வதுடன் நின்றுவிடாதீர்கள். திகதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். படம் எடுத்து வையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமென்றால் பிள்ளைகளையோ அயலில் தெரிந்தவர்களையோ கேளுங்கள். எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிகிறதே, இந்தத் தண்ணீர் உடலுக்குக் கெடுதியா?

கெடுதி இல்லை. ஹரோவுக்குக் குடிநீர் தருவது அஃபினிற்றி வோட்டர் நிறுவனம். அதன் நீரில் பெரும்பகுதி சுண்ணக்கல் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுவதால் கல்சியம் அதிகம். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிதல்ல. நமது குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. அங்கே கேத்திலில் படிந்த அதே வெள்ளைதான் இங்கேயும்.

தோல் வரட்சிக்கும் எக்சிமாவுக்கும் இந்த நீர்தான் காரணம் என்று சொல்லி, பெருந்தொகைக்கு நீர் மென்மையாக்கும் கருவி விற்பவர்கள் வீடு தேடி வருவார்கள். எக்சிமா உள்ள 336 பிள்ளைகளின் வீடுகளை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. அந்தக் கருவியால் நோயில் குறிப்பிடத்தக்க மேலதிக பலன் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. கெற்றிலையும் பொயிலரையும் காப்பாற்ற வேண்டுமென்று வாங்குவது வேறு விடயம். வாங்கினாலும் சமையலறையில் ஒரு குழாயைப் பழையபடியே விட்டு வையுங்கள். மென்மையாக்கிய நீரில் சோடியம் கூடும். இரத்த அழுத்தத்துக்கு உப்புக் குறைப்பவர்களுக்கும் குழந்தைப் பால்மா கரைப்பதற்கும் அது ஏற்றதல்ல.

ஷவர் தலையில் படியும் வெள்ளையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீக்க வேண்டும். வினாகிரியில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும்.

இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டால் இன்னும் சுத்தமாகும் அல்லவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொட்டை எழுத்தில் பதில் தர விரும்புகிறோம்: ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பிளீச்சுடன் வினாகிரியோ, சுண்ணாம்புப் படிவை நீக்கும் அமில மருந்தோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 இல் முதலாம் உலகப் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. பிளீச்சுடன் அமோனியா உள்ள துப்புரவு மருந்து சேர்ந்தாலும் நச்சு வாயுதான். யன்னல் திறக்காத ஒரு சிறிய ஹரோக் குளியலறையில் இது எவ்வளவு விரைவாக நிறையும் என்று யோசியுங்கள்.

எங்கள் மாமி ஊரிலிருந்து வந்து நின்றபோது, நாங்கள் வேலைக்குப் போன நேரம் உதவி செய்வோமே என்று மலசலகூடத்தைக் கழுவப் போனா. ஒரு போத்தலை ஊற்றி, கறை போகவில்லை என்று அடுத்த போத்தலையும் ஊற்றியிருக்கிறா. இரண்டிலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது அவவுக்குப் புரியவில்லை. கண்ணும் தொண்டையும் எரிய, இருமிக்கொண்டு எப்படியோ வெளியே வந்துவிட்டா. கதவைச் சாத்தாமல் கழுவியதுதான் அன்று காப்பாற்றியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிளீச் மேல்தட்டில், மற்றது கீழே. இரண்டிலும் தமிழில் "சேர்க்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். வீட்டில் அம்மா, அப்பா, மாமா, மாமி வந்து நிற்பவர்கள் தயவுசெய்து இன்றே இதைச் செய்யுங்கள்.

அப்படி நடந்துவிட்டால் மருந்தை அகற்ற முயலாமல் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். இருமல் நிற்காவிட்டால் 111 ஐ அழையுங்கள். மூச்சுவிடக் கஷ்டமென்றால் 999.

ஆறு வாரம் ஊருக்குப் போய் வந்தோம். வந்தவுடன் குளிக்கலாமா?

நல்லூர்த் திருவிழாவுக்கென்று பள்ளி விடுமுறையில் போய், களைத்து விழுந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஒரு நல்ல குளியல்தான். சற்றுப் பொறுங்கள். குழாய்களிலும் ஷவர் குழாயிலும் தண்ணீர் இத்தனை நாளும் அசையாமல் நின்றிருக்கிறது. தேங்கிய நீரில், 20 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில், லெஜியனெல்லா என்ற பற்றீரியா பெருகக்கூடும். அந்த நீரின் நுண்ணிய தூவலைச் சுவாசிப்பதால் நிமோனியா போன்ற கடும் நோய் வரலாம். 1976 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். 2002 இல் இங்கிலாந்தின் பரோ நகரில் ஒரு கட்டடத்தின் குளிரூட்டியிலிருந்து பரவி 7 பேர் இறந்தார்கள்.

வீடுகளில் இது அரிது, பயப்படத் தேவையில்லை. ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டோர், புகைப்பவர்கள், நீரிழிவு அல்லது சுவாசப்பை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது?

செய்வது எளிது. வந்ததும் யன்னலைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். ஷவர் தலையை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் விட்டு, தூவல் பறக்காமல், முதலில் சுடுதண்ணீரையும் பிறகு குளிர்நீரையும் ஓடவிடுங்கள். மலசலகூடத்தை மூடியை மூடிவிட்டு ஃபிளஷ் பண்ணுங்கள். விருந்தினர் அறைக் குளியலறை பாவனையில் இல்லையென்றால் வாரம் ஒருமுறை தண்ணீரைத் திறந்து விடுங்கள். சுடுநீர்த் தாங்கி உள்ள வீடுகளில் நீர் 60 பாகையில் இருக்க வேண்டும். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்கவென்று அதை 45, 50 என்று குறைத்து வைக்காதீர்கள். ஊரால் வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் பயணம் போன விடயத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியென்றால் சுடுதண்ணீர் சுட்டுவிடாதா?

சுடும். 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே ஆழமான காயத்தை உண்டாக்கும். குழந்தையின் தோலும் முதியவரின் தோலும் மெல்லியவை. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே வெந்துபோகும். இதற்குத்தான் நீர்த் தாங்கியில் சூட்டைக் குறைக்காமல், குழாயில் குறைக்கும் கலப்பு வால்வு இருக்கிறது. 2010 ஏப்ரலுக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் பாத்துக்கு வரும் நீர் 48 பாகையைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய வீடுகளுக்கும் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்தலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதலில் குளிர்நீர், பிறகு சுடுநீர். முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு நொடிகூடத் தனியே விட்டுப் போகாதீர்கள். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் குறைந்தது 20 நிமிடம் பிடித்து, பிறகு சமையலறையில் உள்ள பிளாஸ்ரிக் மென்தாளால் மூடுங்கள். பற்பசை, பட்டர், முட்டை வெள்ளை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள்.

மலசலகூடத்தில் கழுவும் ஷவர் பூட்டலாமா?

நமக்கு இது அத்தியாவசியம் என்பது உண்மை. ஆனால் கைக்குழாயை நேரே பிரதான நீர்க்குழாயில் பூட்டுவது 1999 இன் நீர்ப் பொருத்துகை விதிகளுக்கு முரணானது. தெருக்குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், கோப்பைக்குள் தொங்கும் அந்தக் கைக்குழாய் வழியே அசுத்தநீர் குடிநீருக்குள் திரும்பி இழுக்கப்படலாம். நமது வீட்டை மட்டுமல்ல, அயல் வீட்டையும் அது பாதிக்கும். தனியான சிறு தாங்கியிலிருந்து நீர் வரும்படி செய்தால் தடையில்லை. "சும்மா ஒரு ரீ போட்டு விடுவம்" என்று சொல்லும் ஆளிடம் கொடுக்காமல், விதி தெரிந்த பிளம்பரிடம் கொடுங்கள். அதுவரை பழைய செம்பும் வாளியும் எந்த விதியையும் மீறுவதில்லை!

எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கலாம்?

சமையலறைக் குளிர்நீர்க் குழாயில். பழைய வீடுகளில் குளியலறை நீர் கூரைக்குள் உள்ள தாங்கியிலிருந்து வரும். அதன் மூடி சரியில்லையென்றால் தூசியும் பூச்சியும் விழும். சோறு சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சுடுநீர்க் குழாயில் பிடித்து உலை வைப்பதையும் விட்டுவிடுங்கள். 1970 க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சமையலறை பேசினுக்குக் கீழே வரும் குழாயை நாணயத்தால் சிறிது சுரண்டிப் பாருங்கள். மென்மையாக, வெள்ளிபோல மினுங்கினால் ஈயம். தண்ணீர் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மாற்றும்வரை காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்காமல் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள்.

பைப் அடிக்கடி அடைக்கிறதே?

பொரித்த எண்ணெய், கறி கழுவிய கொழுப்பு, தேங்காய்ப்பூ, குளித்த தலைமுடி, இவைதான் காரணம். சுடுநீரோடு போகும் எண்ணெய் நிலத்தடியில் குளிர்ந்து கட்டியாகும். அதோடு ஈரத்துடைப்பான்கள் சேர்ந்தால் கல்லாகும். 2017 இல் கிழக்கு லண்டன் வைற்சப்பலில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையுமான கொழுப்புப் பாறை சாக்கடையை அடைத்திருந்தது. எண்ணெயை ஆறவிட்டு ஒரு போத்தலில் சேருங்கள். சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். "ஃபிளஷ் பண்ணலாம்" என்று எழுதியிருந்தாலும் துடைப்பானைக் குப்பையில் போடுங்கள். நல்லெண்ணெய் வைத்து முழுகும் நாட்களில் பாத் வாயில் ஒரு சிறு வலைமூடி வையுங்கள்.

ஒரு பணவிடயம். வெளியே சாக்கடை பொங்கியபோது, இரவோடிரவாக ஒரு தனியார் நிறுவனத்தை அழைத்து நாங்கள் சில நூறு பவுண் கொடுத்தோம். அடைத்திருந்தது அயல்வீட்டுடன் சேர்ந்த குழாய் என்பது பிறகுதான் தெரிந்தது. 2011 ஒக்ரோபர் 1 முதல் அப்படிப் பகிரப்படும் குழாய்களும் நமது காணிக்கு வெளியே உள்ளவையும் கழிவுநீர் நிறுவனத்தின் பொறுப்பு. ஹரோவில் அது தேம்ஸ் வோட்டர். முதலில் அவர்களை அழையுங்கள்.

பொயிலர், முதியோர்: சுருக்கமாக இரண்டு

பொயிலரை வருடம் ஒருமுறை "காஸ் சேஃப்" பதிவுள்ளவரைக் கொண்டு பாருங்கள். 2009 க்கு முன் இருந்த கோர்கிப் பதிவு இப்போது செல்லாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப்பிரட்டு வந்து, வெளியே போனால் குறைந்தால் சந்தேகியுங்கள். வெளியே வந்து 0800 111 999 ஐ அழையுங்கள். அபாயமணிக் கருவி ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள்.

பாத்தைத் தாண்டி ஏறுவது வயதானவர்களுக்கு மலையேறுவது போல. பிடிகம்பி, வழுக்காத விரிப்பு, வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டு மூன்றும் அவசியம். கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவிடம் கேட்டால் வந்து பார்ப்பார்கள். தேவை என்று கண்டால் 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களை இலவசமாகச் செய்துதர வேண்டும். "நாங்கள் வீட்டுக்காரர், எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று நினைத்துக் கேட்காமல் விடுபவர்கள் பலர்.

இந்த வார இறுதியில்

அரை மணித்தியாலம் ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கே என்று எல்லோருக்கும் காட்டுங்கள். பல வீடுகளில் அது சமையலறை பேசினுக்குக் கீழே இருக்கும். மின்விசிறியில் பேப்பர் சோதனை செய்யுங்கள். அலுமாரியின் பின்னால் பாருங்கள். பிளீச்சையும் மற்ற மருந்தையும் பிரித்து வைத்துத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அபாயமணியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

ரொச்டேலில் அந்தத் தந்தை சொன்னதை அன்றே கேட்டிருந்தால், ஆவாப் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். நமது வீட்டில் சுவர் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால், அதை நாம் காலத்தோடு கேட்போம்.